"எந்த வரியை வச்சுச் சொல்ற?": நாவலிலிருந்து குணநலனைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழாசிரியர்கள், பி.எட். முடித்துப் புதிதாக வகுப்புக்குப் போகிறவர்கள், வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெற்றோர் என்று பலரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

உதாரணங்கள் எல்லாம் பொன்னியின் செல்வனிலிருந்து, பெரும்பாலும் முதல் பாகமான 'புது வெள்ள'த்திலிருந்து. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பிள்ளைகளுக்கும் பெயர்களாவது தெரியும். படிக்காதவர்களுக்காக: வாணர்குலத்து இளைஞன் வந்தியத்தேவன், காஞ்சியில் இருக்கும் இளவரசர் ஆதித்த கரிகாலர் கொடுத்த இரண்டு ஓலைகளோடு கிளம்புகிறான். ஒன்று தஞ்சையில் நோயாய்ப் படுத்திருக்கும் தந்தை சுந்தர சோழருக்கு, மற்றது பழையாறையில் இருக்கும் தங்கை குந்தவைக்கு. வழியில் அவன் மாட்டிக்கொள்வதும் தப்பிப்பதும்தான் முதல் பாகத்தில் முக்கால்வாசி.

குணநலன்னா என்ன சார், அவன் என்ன பண்ணினான்னு எழுதினா போதாதா?

போதாது. "வந்தியத்தேவன் ஓலையோடு தஞ்சைக்குப் போனான், கோட்டைக்குள் நுழைந்தான், அரசரைப் பார்த்தான்" என்பது கதைச்சுருக்கம். அதைப் படித்தால் என்ன நடந்தது என்று தெரியும், ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரியாது. "இவனை வீட்டுக்கு வாடகைக்கு வைக்கலாமா, இவனிடம் பணம் கொடுத்து வைக்கலாமா, ரகசியம் சொல்லலாமா" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் உடனே குணத்துக்கு வந்துவிடுவார்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித் தினமும் வீட்டில் பேசுவது இதைத்தானே.

கதை சொல்றவரே 'மகாவீரர்'னு எழுதிட்டா அப்புறம் நாம என்னத்த ஊகிக்கிறது?

அந்த இடத்தில் ஊகிக்க ஒன்றுமில்லை, அதை அப்படியே எடுத்துக்கொண்டு நகரலாம். பெரிய பழுவேட்டரையர் உடம்பில் அறுபத்து நான்கு போர்க்காயங்கள் என்று நாவல் சொல்கிறது. அதிலிருந்து 'வீரர்' என்று எழுதுவதற்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தேவையில்லை. ஆனால் அதே மனிதர், முதுமையில் மணந்துகொண்ட நந்தினி முன்னால் வாயடைத்துப் போகிறார். அந்தக் காயங்களையும் இந்தத் தடுமாற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேலை ஆரம்பிக்கிறது. சோழ நாட்டின் தனாதிகாரி, எல்லாரும் நடுங்குகிற ஆள், வீட்டுக்குள் ஏன் இப்படி? இதற்கான பதிலைப் பக்கத்தில் எங்கேயும் நேரடியாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

ஆக, ஆசிரியர் சொல்லிவிட்டதைத் திருப்பி எழுதுவது ஊகம் ஆகாது. சொல்லாமல் விட்டதை, சொன்னவற்றை வைத்துப் பிடிப்பதுதான் ஊகம்.

நல்லவன், கெட்டவன், வீரன். இந்த மூணை விட்டு பசங்க வெளியே வரவே மாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?

சொல் இல்லாததுதான் பாதிக் காரணம். 'பிடிவாதம்', 'உறுதி' இரண்டுக்கும் என்ன வித்தியாசம், 'சிக்கனம்' எங்கே முடிந்து 'கஞ்சத்தனம்' எங்கே தொடங்குகிறது, 'துணிச்சல்' எப்போது 'அசட்டுத் துணிச்சல்' ஆகிறது என்று ஒரு பீரியட் முழுக்கச் சும்மா பேசவிடுங்கள். நாவலைத் திறக்கவே வேண்டாம். நாட்டுப்புறத்துப் பிள்ளைகளிடம் வீம்பு, வெடுக்கு, குசும்பு, அழுத்தக்காரன், விட்டேத்தி என்று அருமையான சொற்கள் ஏற்கெனவே இருக்கும். அதையெல்லாம் 'பேச்சு வழக்கு' என்று அடித்துவிடாமல் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் எந்த வடிவத்தில் எழுதுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சின்னத் தடை போட்டுப் பாருங்கள்: ஒரு மாதத்துக்கு 'நல்ல', 'கெட்ட' என்ற சொற்கள் விடையில் வரக்கூடாது. முதல் வாரம் புலம்புவார்கள்.

கோபமா இருந்தான்னு எழுதினா அது குணமா, இல்லையா?

கோபம் அப்போதைக்கு வந்த உணர்ச்சி. கோபக்காரன் என்பது குணம். ஒருமுறை கோபப்பட்டதை வைத்து ஒருவனைக் கோபக்காரன் என்று சொல்லிவிட முடியாது, மறுபடியும் மறுபடியும் அப்படி நடந்துகொள்கிறானா என்று பார்க்கவேண்டும்.

இதற்கு நாவலின் முதல் சில அத்தியாயங்களே போதும். கிளம்பும்போது கரிகாலர் சொல்லி அனுப்பியது, வழியில் வலுச்சண்டைக்கு இழுத்தாலும் அகப்பட்டுக்கொள்ளாதே என்று. பழுவேட்டரையரின் வீரர்கள் அவன் குதிரையைக் கேலி செய்து சீண்டும்போது வந்தியத்தேவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறான். அதே நாள் கடம்பூர் மாளிகை வாசலில் காவலர்கள் தடுத்ததும் பொறுமை போய்விடுகிறது, குதிரையோடு உள்ளே பாய்ந்து அடிதடியே ஆகிவிடுகிறது. சிலர் முதல் சம்பவத்தை மட்டும் எடுத்து 'பொறுமைசாலி' என்பார்கள், சிலர் இரண்டாவதை எடுத்து 'முன்கோபி' என்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பிள்ளை, 'முன்கோபி, ஆனால் கொடுத்த வாக்குக்காக அடக்கிக்கொள்ளப் பார்க்கிறவன், நெடுநேரம் முடியாதவன்' என்று எழுதும். அந்த விடைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

சான்று எழுதுன்னா அரைப் பக்கத்தை அப்படியே காப்பி பண்ணி வச்சிடறாங்க.

எது முக்கியம் என்று தெரியாதபோதுதான் எல்லாவற்றையும் எழுதுவார்கள். சான்று ஒரு வரிக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி சிந்தனை முடிந்துவிடும். மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதவேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். "இன்ன இடத்தில், இன்னாரிடம், இப்படிச் செய்தான்" என்று சொந்த நடையில் சுருக்கமாகச் சொன்னாலும் அது சான்றுதான். தேர்வறையில் புத்தகம் கையில் இருக்காது என்பதால் இந்தப் பழக்கம்தான் உண்மையில் உதவும்.

எங்கே தேடுவது என்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்கு: என்ன செய்தான், என்ன பேசினான், மனசுக்குள் என்ன நினைத்தான், மற்றவர்கள் அவனைப் பற்றி என்ன சொன்னார்கள். இதில் கடைசி மட்டும் கொஞ்சம் ஆபத்தானது, அதைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி வருகிறது.

குணமும் சரியா இருக்கு, சான்றும் சரியா இருக்கு, ஆனாலும் விடை ஒட்டவே இல்ல சார். நடுவுல ஏதோ குறையுது.

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது, ஏனென்றால் பெரும்பாலான விடைகள் விழுவது இங்கேதான். ஒரு மாணவன் இப்படி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம்: "வந்தியத்தேவன் புத்திசாலி. ஏனென்றால் அவன் குதிரையைப் பல்லக்கின் மேல் மோதவிட்டான்." சம்பவம் நாவலில் இருப்பதுதான். தஞ்சைக்குப் போகிற வழியில் பழுவூர்ப் பல்லக்கு (பழுவேட்டரையர் வீட்டுப் பல்லக்கு) வருகிறது, இவன் குதிரையை அதில் மோதவிட்டு, "ஐயோ, பல்லக்கு என் குதிரையை இடித்துவிட்டதே" என்கிற மாதிரி கூச்சல் போடுகிறான். ஆனால் குதிரையைக் கொண்டுபோய் எதிலோ மோதுவது எப்படிப் புத்திசாலித்தனம்? படிக்கிறவர் கேட்கிற இந்த இயல்பான கேள்விக்கு விடையில் பதில் இல்லை. அந்தப் பதில்தான் நடுவில் காணாமல் போன இணைப்பு.

அதை வெளியே கொண்டுவர இரண்டு கேள்விகள் போதும். முதலாவது, "அதனால என்ன?" என்று விடாமல் கேட்பது. பல்லக்கில் மோதினான். அதனால என்ன? உள்ளே இருப்பவர் யார் என்று பார்க்க முடிந்தது. அதனால என்ன? காவலர்கள் சூழ நேராகப் போய்த் திரையை விலக்க முடியாது, விபத்து மாதிரி ஒன்று நடந்தால்தான் முடியும். சரி, ஏன் பல்லக்கைக் குற்றம் சொன்னான்? தன்மேல் பழி வருவதற்குள் முந்திக்கொண்டான். இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்தது: ஆளை மாற்றிப் பார். அதே இடத்தில், தஞ்சையில் கோயிலுக்குப் பூக்கொண்டுபோய்க் கொடுக்கும் பரம சாது சேந்தன் அமுதன் நின்றிருந்தால் என்ன செய்திருப்பான்? கைகட்டி ஒதுங்கி நின்றிருப்பான். அப்படியானால் இந்தச் செயல் இடத்தால் வந்ததில்லை, ஆளால் வந்தது. யார் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்றால் அது குணத்துக்குச் சான்றே இல்லை.

இப்போது அதே மாணவனின் விடை இப்படி மாறும்: "காவலர் சூழ்ந்த பல்லக்கினுள் இருப்பவரைப் பார்க்க வேறு வழியில்லாததால், வந்தியத்தேவன் விபத்தைப் போல ஒன்றை உண்டாக்குகிறான். தன்மேல் குற்றம் வருமுன் பல்லக்கே குதிரையை இடித்ததாகக் கூவுகிறான். மாட்டிக்கொள்ளும் நேரத்திலும் பேச்சால் நிலைமையைத் தன் பக்கம் திருப்பத் தெரிந்தவன் இவன்." மூன்று வாக்கியம்தான். 'புத்திசாலி' என்ற சொல் தானாகவே காணாமல் போய்விட்டதைக் கவனியுங்கள்.

ஒரே ஒரு சான்று போதுமா?

விடைக்கு இடம் குறைவு என்றால் போதும். ஆனால் வகுப்பில் இரண்டாவதைக் கேளுங்கள். மேலே சொன்ன 'பேச்சால் திருப்புகிறவன்' என்பதற்கு இன்னொன்று: சுந்தர சோழரைப் பார்க்கிறபோது அவருக்கு 'அபாயம்' என்று எச்சரித்துவிடுகிறான், அது கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் காதில் விழுந்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்று கேட்டதும், 'அபயம்' என்றுதானே கேட்டேன் என்று சமாளிக்கிறான். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஆள் தெரிகிறான் இல்லையா?

அஞ்சு பாகம் இருக்கு. முப்பது நாப்பது நிமிஷப் பீரியட்ல இதை எப்படி நடத்துறது? நடக்கிற காரியமா?

முழு நாவலை நடத்தவேண்டாம். ஒரு அத்தியாயம், அதிலும் இரண்டு மூன்று பக்கம் போதும், முன்கதையை நீங்களே சொல்லிவிடுங்கள். பாடப்புத்தகத்திலேயே நாவல் பகுதிகள் விரிவானமாக வருகின்றன. பத்தாம் வகுப்புக்கு வைத்த 'கோபல்லபுரத்து மக்கள்' பகுதியில், களைத்து வந்த முன்பின் தெரியாத ஒருவனுக்கு அன்னமய்யா பசியாற்றுகிற இடம் இந்தப் பயிற்சிக்கென்றே எழுதியது போல இருக்கும். 'விருந்தோம்பல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், வந்தவனிடம் அவன் எப்படிப் பேசுகிறான், எதை முதலில் கேட்கிறான், எதைக் கேட்காமல் விடுகிறான் என்று பார்க்கச் சொன்னால் ஒரு பீரியட் ஓடிவிடும்.

ஒரே சம்பவத்துக்கு ஒருத்தன் துணிச்சல்ங்கிறான், இன்னொருத்தன் திமிருங்கிறான். யாருக்கு மார்க் போடுறது?

ரெண்டு பேருக்கும் போடலாம், இணைப்பு சரியாக இருந்தால். கடம்பூர் வாசலில் குதிரையோடு பாய்ந்தது துணிச்சல் என்பவன், எதிரில் எத்தனை பேர் இருந்தார்கள், இவன் தனியாள் என்பதைக் காட்டவேண்டும். திமிர் என்பவன், பொறுத்திருந்து, அந்த வீட்டுப் பிள்ளையான தன் நண்பன் கந்தமாறனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களே, அதற்கு இவன் இறங்கவில்லையே என்று காட்டவேண்டும். ரெண்டுமே நியாயம்தான்.

ஆனால் 'எல்லா விடையும் சரி' என்று விட்டுவிடாதீர்கள், அதுவும் தப்பு. "வந்தியத்தேவன் பேராசைக்காரன்" என்று ஒருவன் எழுதினால், எந்த வரியை வச்சுச் சொல்ற என்று கேளுங்கள். வரி இல்லையென்றால் மார்க்கும் இல்லை.

மத்த கதாபாத்திரங்கள் சொல்றதைச் சான்றா எடுத்துக்கலாமா?

எடுத்துக்கலாம், ஆனால் சொல்கிறவர் யார், அவருக்கு என்ன தெரியும், அவருக்கு என்ன கணக்கு என்று பார்த்த பிறகு. தஞ்சைச் சுரங்கப்பாதையில் கந்தமாறன் முதுகில் யாரோ குத்திவிடுகிறார்கள். குத்துப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேந்தன் அமுதன் வீட்டில் சேர்ப்பதே வந்தியத்தேவன்தான், வாசகர் அதைக் கூடவே இருந்து பார்க்கிறார். ஆனால் கந்தமாறன் என்ன நம்புகிறான்? வந்தியத்தேவன்தான் முதுகில் குத்திய துரோகி என்று. அதையே ஊரெல்லாம் சொல்கிறான். இதை மட்டும் சான்றாக எடுத்தால் கதையே தலைகீழாகிவிடும்.

சுவாரசியம் என்னவென்றால், கந்தமாறன் சொல்வது வந்தியத்தேவனைப் பற்றிய சான்றாக உதவாது, கந்தமாறனைப் பற்றிய நல்ல சான்றாக உதவும். அத்தனை வருட நட்பு, ஒரு வார்த்தை கேட்டுத் தெளியாமல் அவன் முடிவுக்கு வந்துவிடுகிறான். ஆளை மாற்றிப் பார்க்கும் கேள்வியை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

நந்தினியை என்னன்னு எழுதச் சொல்றது? எல்லாரும் வில்லின்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க.

ஆளுக்கு ஒரு பேச்சு பேசுகிறாள், அதனால் அவள் வாயிலிருந்து வரும் எதையும் நேரடியாக நம்பமுடியாது. மற்றவர்கள் சொல்வதும் அவரவர் மயக்கத்தையோ வெறுப்பையோ பொறுத்தது. இந்த மாதிரிப் பாத்திரத்துக்கு, பேச்சை ஒதுக்கிவிட்டு, எதை இழந்தாள், எதை விடாமல் பிடித்திருக்கிறாள் என்று தேடச் சொல்லுங்கள். பாண்டிய மன்னன் வீரபாண்டியனைக் கொல்லவேண்டாம் என்று அவள் கரிகாலரிடம் கெஞ்சினாள், அவர் கேட்காமல் தலையை வெட்டினார். இந்த ஒரு செய்தி தெரிந்தபின் முன்னால் படித்த அவளுடைய காட்சிகளைத் திரும்பப் படிக்கவிடுங்கள். 'வஞ்சகம்' போகாது, இருக்கும். ஆனால் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்காரும், அதற்குப் பிள்ளைகள் என்ன பெயர் வைக்கிறார்கள் என்று கேட்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

முதல்ல ஒண்ணு நினைச்சு எழுதினான், பின்னாடி படிச்சா அது தப்புன்னு தெரியுது. அடிச்சிட்டு எழுதச் சொல்லணுமா?

அடிக்க வேண்டாம். பழையது இருக்கட்டும், கீழே புதியதை எழுதி, எந்த இடத்தில் மனசு மாறியது என்று குறிக்கச் சொல்லுங்கள். ஊகம் என்றால் மாறும்.

வந்தியத்தேவனே இதில் வழுக்கி விழுகிறான். கடம்பூருக்கு வந்த மூடுபல்லக்கில் இருப்பது பழுவூர் இளையராணியான நந்தினி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நள்ளிரவு ரகசியக் கூட்டத்தில் அதிலிருந்து வெளிப்படுகிறவர் மதுராந்தகர், அடுத்த பட்டத்துக்கு ஆசைப்படும் இளவரசர். அதைப் பார்த்துவிட்ட வந்தியத்தேவன், தஞ்சை வழியில் மறுபடி பல்லக்கைக் கண்டதும் உள்ளே மதுராந்தகர்தான் என்று முடிவுகட்டித்தான் குதிரையை மோதவிட்டான். திரை விலகினால் உள்ளே உண்மையாகவே நந்தினி! முதல்முறை ஊரே ஏமாந்தது, இரண்டாம் முறை ஏமாறாதவன் ஏமாந்தான். வகுப்பில் இந்த இடத்தைச் சொன்னால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்கிறார்கள்.

அப்புறம் மதுராந்தகர் மூடுபல்லக்கில் ஒளிந்து வந்ததை வைத்து 'கோழை' என்று சட்டென்று எழுதுவார்கள். பொறுங்கள். வெளிப்படையாக வந்திருந்தால், அவரைப் பட்டத்துக்குக் கொண்டுவரும் சதியே அம்பலமாகியிருக்கும். அது அவருடைய குணமா, அவர் மாட்டியிருந்த நிலைமையா? இதற்குப் பதில் சொல்ல இன்னும் சில காட்சிகள் வேண்டும்.

படம் பார்த்துட்டு வந்து எழுதுறாங்க. ஒத்துக்கலாமா?

2022, 2023இல் இரண்டு பாகமாகப் படம் வந்த பிறகு இது கூடிவிட்டது. படம் வேறு படைப்பு. நடிகரின் கண்ணும் சிரிப்பும் நாவலின் வரி ஆகாது. படத்தைத் திட்டவும் வேண்டாம், "அது படத்துல, புத்தகத்துல காட்டு" என்றால் போதும். தேடப் போகிற சாக்கில் நாலு பக்கம் படித்துவிடுவார்கள்.

கல்வெட்டுல அப்படி இல்லையே, உண்மையான வந்தியத்தேவன் இப்படி இல்லையேன்னு ஒரு பையன் சண்டைக்கு வர்றான்.

அந்தப் பையனைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பையன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார் என்று குறிக்கப்படுகிறார், ஆக அப்படி ஒருவர் இருந்தார். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் கரிகாலரைக் கொன்றதற்காக ரவிதாசன் முதலானவர்கள் பெயர் வருகிறது. நந்தினியோ கல்கியின் கற்பனை. ஆனால் குதிரையைப் பல்லக்கில் மோதவிட்ட குறும்பு எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. நாவல் பாத்திரத்தின் குணத்துக்கு நாவல்தான் சான்று, வரலாற்று மனிதரின் குணத்துக்குக் கல்வெட்டும் செப்பேடும்தான் சான்று, இதை அதில் கலக்கக்கூடாது. இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அவனை அந்தக் கல்வெட்டு பற்றி ஒரு நாள் வகுப்பில் பேசவிடுங்கள்.

எல்லாம் நோட்ஸ்ல இருக்கு, இப்போ ஏஐ வேற இருக்கு. அப்படியே எழுதிட்டு வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்டுபிடிப்பதை விட, கேள்வியை மாற்றுவது சுலபம். "வந்தியத்தேவனின் பண்புநலன்களை விவரி" என்று கேட்டால் நோட்ஸ்தான் வரும். "குதிரையைச் சீண்டியபோது பொறுத்தவன் கடம்பூர் வாசலில் ஏன் பொறுக்கவில்லை?" என்று கேளுங்கள். அல்லது இரண்டு வரியைக் கொடுத்து, எது வலுவான சான்று, ஏன் என்று வகுப்பிலேயே எழுதவிடுங்கள். எழுதியதை ஒருவன் படிக்க, இன்னொருவன் "எந்த வரி?" என்று கேட்கட்டும். வேறு எங்கிருந்தோ எடுத்து வந்தவன் அங்கேயே தெரிந்துவிடுவான், நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

மார்க்கை எப்படிப் பிரிக்கிறது?

ஐந்து மதிப்பெண் என்றால் நான் போடுவது: குணத்துக்குப் பொருத்தமான சொல்லுக்கு ஒன்று, சான்றுக்கு ஒன்று, இரண்டையும் இணைக்கும் விளக்கத்துக்கு மூன்று. இந்தப் பிரிப்பை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அழகான கையெழுத்து, அலங்கார முன்னுரை, "இவ்வாறாக" என்று தொடங்கும் முடிவுரை எதற்கும் இதில் தனி மதிப்பெண் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதைச் சொல்லாவிட்டால் அதைத்தான் முதலில் எழுதுவார்கள்.